பாரம் சுமக்கும் பிக்கப்புக்கு எந்தக் கிளட்ச் நல்லது?

கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒருவர் உங்களுக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வர ஒரு செங்குத்தான மண்பாதை. அவருடைய டீசல் பிக்கப் வண்டியில் ஒரு டன் முட்டைக்கோஸ். ஒருநாள் பாதி மேட்டில் வண்டி திணறுகிறது. எண்ணெய் மிதியை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது. வண்டியோ நகர மறுக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகும் நாற்றம்.

"கிளட்ச் போய்விட்டது" என்கிறார் பட்டறைக்காரர். மேசையில் மூன்று பெட்டிகளை எடுத்து வைக்கிறார். முதலாவது, வண்டியோடு வந்த அதே வகைக் கிளட்ச். இரண்டாவது, 'ஹெவி டூட்டி', அதாவது பார வேலைக்கானது. மூன்றாவது, பந்தய வண்டிகளில் போடும் செராமிக் கிளட்ச். "நீதான் இயற்பியல் படிக்கிறாயே, எதை வாங்கலாம்? சொல்லு" என்று மாமா உங்கள் பக்கம் திரும்புகிறார்.

'இருப்பதிலேயே வலுவானதை வாங்கிவிடலாம்' என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அவசரப்படாதீர்கள். படிவம் நான்கில் படித்த உராய்வும் ஆற்றலும் போதும். சரியான பெட்டியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கிளட்ச் என்ன செய்கிறது?

வீட்டில் இருப்பது ஆட்டோ கியர் கார் என்றால், கிளட்ச் மிதியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கையால் கியர் மாற்றும் வண்டியில் இடது ஓரத்தில் இருக்கும் மிதி அது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் அணைந்துவிடும். சக்கரமோ சில நேரம் நிற்க வேண்டும், சில நேரம் சுழல வேண்டும். ஓடும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் மெதுவாக இணைக்க நடுவில் ஓர் ஆள் தேவை. அந்த ஆள்தான் கிளட்ச்.

அதன் அமைப்பு எளிது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஃபிளைவீல். அதற்கு எதிரே ஓர் அழுத்தத் தட்டு. இவை இரண்டுக்கும் நடுவில், இருபக்கமும் உராய்வுப் பொருள் ஒட்டிய மெல்லிய கிளட்ச் தட்டு. இந்த நடுத்தட்டு கியர்பெட்டியின் தண்டோடு சேர்ந்தது. வட்டத் தகடு போன்ற ஒரு ஸ்பிரிங் அழுத்தத் தட்டைத் தள்ளி, நடுத்தட்டை இறுக்கிப் பிடிக்கிறது. மிதியை மிதித்தால் பிடி தளர்கிறது. காலை எடுத்தால் மீண்டும் இறுகுகிறது.

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஒரு அட்டையை வைத்து அழுத்துவது போலத்தான். பல் இல்லை, ஆணி இல்லை. பிக்கப்பை இழுக்கும் சக்தி முழுவதும் வெறும் உராய்வின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

நான்கு எண்கள்

ஒரு கிளட்ச் நழுவாமல் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும்? அதற்கு ஒரு சூத்திரம் உண்டு.

தாங்கும் முறுக்குவிசை = உராயும் பரப்புகளின் எண்ணிக்கை × உராய்வுக் குணகம் × அழுத்தும் விசை × சராசரி ஆரம்

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். நடுத்தட்டுக்கு இரண்டு பக்கம். ஆகவே பரப்புகள் 2. சாதாரண உராய்வுப் பொருளின் குணகம் சுமார் 0.3. ஸ்பிரிங் 8,500 நியூட்டன் விசையில் அழுத்துகிறது என்று கொள்வோம். இது ஏறக்குறைய 870 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம். உராயும் வளையத்தின் வெளிவிட்டம் 260 மில்லிமீட்டர், உள்விட்டம் 180 மில்லிமீட்டர் என்றால், சராசரி ஆரம் 0.11 மீட்டர்.

2 × 0.3 × 8,500 × 0.11 = 561 நியூட்டன் மீட்டர்.

இன்றைய டீசல் பிக்கப் வண்டிகள் பலவற்றில் எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கிறது. எஞ்சின் தருவதைவிட கிளட்ச் தாங்குவது 1.4 மடங்கு அதிகம். தேய்மானம், சூடு, திடீர் அதிர்ச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து வடிவமைப்பாளர்கள் இப்படி ஓர் உபரி வைக்கிறார்கள்.

சூத்திரத்தை இன்னொரு முறை பாருங்கள். அதில் ஒன்று இல்லை. ஆம், பரப்பளவு! உராய்வு விசை தொடும் பரப்பளவைச் சார்ந்ததல்ல என்று பள்ளியில் படித்தது இங்கேயும் பொருந்துகிறது. அதனால்தான், முழு வளையமாக இல்லாமல் நாலைந்து சிறு வில்லைகள் மட்டும் ஒட்டிய பந்தயக் கிளட்ச்சும் நன்றாகப் பிடிக்கிறது. அப்படியானால் பரப்பளவு எதற்கு? சூட்டைப் பரப்பவும், தேய்மானத்தைக் குறைக்கவும். இதை நினைவில் வையுங்கள். கதையின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது.

பாரம் கூடினால் எஞ்சின் வலுக்கூடுமா?

இப்போது ஒரு கேள்வி. வெறும் வண்டியாக ஓடினாலும், ஒரு டன் முட்டைக்கோஸை ஏற்றினாலும், எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை எவ்வளவு?

இரண்டுக்கும் ஒரே விடை: 400 நியூட்டன் மீட்டர். பாரம் ஏற்றியதால் எஞ்சின் பெரிதாகிவிடாது. 561 தாங்கும் நல்ல கிளட்ச், பாரம் ஏற்றினாலும் 400-ஐத் தாங்கத்தானே வேண்டும்? பிறகு ஏன் பாரம் சுமக்கும் வண்டியில் கிளட்ச் சீக்கிரம் போகிறது?

விடை, சூடு.

வண்டி நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சின் பக்கம் வேகமாகச் சுழல்கிறது. சக்கரப் பக்கம் நிற்கிறது. இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை கிளட்ச் நழுவித்தான் ஆக வேண்டும். நழுவும் ஒவ்வொரு நொடியும் ஆற்றல் வெப்பமாகிறது. எஞ்சின் வேகத்தைச் சீராக வைத்துச் சமதரையில் கிளம்பினால், வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாகிறது என்று கணக்கிட்டுக் காட்டலாம்.

பாரத்தோடு சேர்த்து 3,000 கிலோகிராம் வண்டி. முதல் கியரில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் வரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்கிறது என்று கொள்வோம். அது விநாடிக்கு சுமார் 2.8 மீட்டர். இயக்க ஆற்றல் சுமார் 12 கிலோஜூல். ஆக, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் 12 கிலோஜூல் சூடு. இதை எந்தக் கிளட்ச்சும் தாங்கும்.

இனி மேட்டுக்குப் போவோம். 8 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சரிவில், அந்த வண்டியைக் கீழே இழுக்கும் விசை சுமார் 3,650 நியூட்டன். முன்னால் ஒரு லோரி நிற்கிறது. கைப்பிரேக் போடாமல், கிளட்ச்சைப் பாதி விட்டு, எஞ்சின் வலுவிலேயே வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து வைக்கிறார் ஓட்டுநர். வண்டி நகரவில்லை, ஆகவே பயனுள்ள வேலை எதுவும் நடக்கவில்லை. எஞ்சின் கிளட்ச்சுக்குத் தரும் ஆற்றல் அத்தனையும் சூடாகிறது. முதல் கியரில் அதன் அளவு சுமார் 10 கிலோவாட்!

வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின் கெண்டி சுமார் 2 கிலோவாட். ஐந்து கெண்டிகளை ஒரே நேரத்தில் ஒரு சிறிய இரும்புப் பெட்டிக்குள் போட்டதற்குச் சமம். பத்தே விநாடியில் 100 கிலோஜூல். சமதரையில் எட்டு முறை கிளம்பினால் உண்டாகும் சூட்டைவிட இது அதிகம்.

சூடு உராய்வைக் குறைக்கும்

சாதாரண உராய்வுப் பொருள் பிசின், கண்ணாடி இழை, செம்பு அல்லது பித்தளைக் கம்பி போன்றவற்றைச் சேர்த்துச் செய்வது. அதிகம் சூடானால் அந்தப் பிசின் சிதையத் தொடங்கும். மாமா முகர்ந்த கருகல் நாற்றம் அதுதான். அப்போது உராய்வுக் குணகம் விழுகிறது. அது 0.3-லிருந்து 0.2-க்கு இறங்கிவிட்டால் என்ன ஆகும்?

2 × 0.2 × 8,500 × 0.11 = 374 நியூட்டன் மீட்டர்.

எஞ்சின் தருவது 400. கிளட்ச் தாங்குவது 374. நழுவுகிறது. நழுவினால் இன்னும் சூடு. சூடானால் பிடி இன்னும் குறையும். குறைந்தால் இன்னும் நழுவும். இந்தச் சுழலில் ஒருமுறை மாட்டிக்கொண்ட கிளட்ச் ஒரே மேட்டில் பாழாகிவிடலாம்.

ஆகவே மாமாவின் சிக்கல் 'பிடி போதவில்லை' என்பதல்ல. 'சூட்டில் பிடி நிலைக்கவில்லை' என்பதே. இரண்டும் வேறுவேறு. எஞ்சினின் கணினி நிரலை மாற்றி முறுக்குவிசையை 500, 550 என்று ஏற்றியவருக்குத்தான் முதல் சிக்கல். அவருக்குக் கூடுதல் பிடி தேவை. பாரம் சுமப்பவருக்குத் தேவை, சூட்டைத் தாங்கும் திறன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விலை

'வலுவான கிளட்ச்' என்றால் அந்த நான்கு எண்களில் எதையோ கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எதைக் கூட்டினார்கள், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கேட்பதே அறிவியல் பார்வை. இங்கே விலை என்பது பணம் மட்டுமல்ல.

அழுத்தும் விசையைக் கூட்டினால்: கடினமான ஸ்பிரிங் போட வேண்டும். பிடி கூடும். ஆனால் அந்த ஸ்பிரிங்கை ஒவ்வொரு முறையும் அமுக்குவது ஓட்டுநரின் இடது கால். மிதி கனக்கும். நெரிசலில் கால் வலிக்கும். ஸ்பிரிங்கைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்குக்கும் சுமை கூடும்.

உராய்வுக் குணகத்தைக் கூட்டினால்: செராமிக்கும் உலோகத் தூளும் கலந்த வில்லைகளில் குணகம் 0.4 அளவுக்குப் போகும். அதே ஸ்பிரிங்கில் 748 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் மெதுவாக நழுவி இணைவது இதற்கு வராது. வெடுக்கென்று பிடிக்கும். பாரத்தோடு மண்பாதையில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுக்கும்போது வண்டி குதிக்கும், அதிரும். ஃபிளைவீலின் பரப்பையும் வேகமாகத் தேய்க்கும்.

பரப்புகளைக் கூட்டினால்: இரண்டு தட்டுகள் வைத்தால் உராயும் பரப்புகள் 4. ஸ்பிரிங்கை மாற்றாமலே பிடி இருமடங்காகும். 1,122 நியூட்டன் மீட்டர். சூட்டைப் பகிர்ந்துகொள்ளவும் பரப்பு அதிகம். ஆனால் பாகங்கள் கூடுகின்றன, எடை கூடுகிறது, செலவு நன்றாகவே ஏறுகிறது.

ஆரத்தைக் கூட்டினால்: பெரிய தட்டு வேண்டும். பிடியும் கூடும், சூட்டைப் பரப்பும் இடமும் கூடும். ஆனால் ஃபிளைவீலின் அளவும் அதைச் சுற்றியுள்ள கூடும் இடம் கொடுக்கும் வரைதான்.

இன்னொரு விலை கண்ணுக்குத் தெரியாதது. வீட்டில் மின்சாரம் எகிறினால் ஃபியூஸ் கருகி மற்ற சாதனங்களைக் காப்பாற்றுகிறது அல்லவா? கிளட்ச்சும் அப்படித்தான். சேற்றில் சுழன்ற சக்கரம் திடீரென்று கல்லில் பிடித்தால் ஓர் அதிர்ச்சி பிறக்கும். கிளட்ச் கொஞ்சம் நழுவி அதை விழுங்கிவிடும். 1,000 நியூட்டன் மீட்டருக்கும் நழுவாத கிளட்ச்சைப் போட்டால், அந்த அதிர்ச்சி கியர்பெட்டிக்கும் அச்சுக்கும் போகும். கிளட்ச்சைவிட அவற்றின் விலை அதிகம்.

எந்தப் பெட்டி?

மாமாவின் எஞ்சினில் மாற்றம் எதுவும் செய்யவில்லை. அதனால் செராமிக் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மிச்சம் இரண்டு.

பழைய கிளட்ச் பல ஆண்டு உழைத்துத் தேய்ந்து போயிருந்தால், முதல் பெட்டியே போதும். ஆண்டுக்கு ஒரு கிளட்ச் கருகுகிறது என்றால் இரண்டாவது பெட்டியைப் பார்க்கலாம். ஆனால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், நான்கு கேள்விகள் கேளுங்கள். அழுத்தும் விசை எவ்வளவு கூடியிருக்கிறது? உராய்வுப் பொருள் என்ன? அழுத்தத் தட்டு கனமானதா? இந்த வண்டியின் ஃபிளைவீலுக்குப் பொருந்துமா?

ஸ்பிரிங் விசை 15 விழுக்காடு மட்டும் கூடினால் 9,775 நியூட்டன். சாதாரண நிலையில் பிடி 645 நியூட்டன் மீட்டர். சூட்டில் குணகம் 0.2-க்கு இறங்கினாலும் 430. எஞ்சினின் 400-ஐவிட அதிகம்! மிதி கொஞ்சம்தான் கனக்கும். ஆனால் அந்தச் சுழலில் மாட்டாமல் தப்பிவிடலாம். அழுத்தத் தட்டு கனமாக இருந்தால், அதே சூட்டுக்கு வெப்பநிலை குறைவாக ஏறும். தன்வெப்பக் கொள்ளளவுப் பாடத்தில் படித்ததுதான்: நிறை கூடினால் வெப்பநிலை உயர்வு குறையும்.

உராய்வுப் பொருளில் அராமிட் இழை கலந்திருக்கலாம். குண்டு துளைக்காத உடையில் பயன்படும் கெவ்லார் இந்த வகை இழை. 1965-இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபானி குவோலெக் என்ற வேதியியலாளரின் ஆய்வில் பிறந்தது. சூட்டையும் தேய்மானத்தையும் தாங்கும். அதே நேரம் செராமிக்கைப் போல வெடுக்கென்று பிடிக்காது.

ஃபிளைவீலையும் கவனிக்க வேண்டும். பல டீசல் வண்டிகளில் அது இரண்டு துண்டுகளாக, நடுவில் ஸ்பிரிங்குகளோடு வரும். எஞ்சினின் அதிர்வு கியர்பெட்டிக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. சில ஹெவி டூட்டி தொகுப்புகள் இதை எடுத்துவிட்டு ஒரே துண்டு ஃபிளைவீலைத் தருகின்றன. உறுதியானதுதான், ஆனால் அதிர்வும் கியர்பெட்டியின் கடகடச் சத்தமும் கூடலாம். இதுவும் ஒரு விலையே.

மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்

புதிய கிளட்ச் போடும்முன் பழையது ஏன் போனது என்று பார்க்க வேண்டும். எஞ்சினின் பின்பக்க எண்ணெய் முத்திரை கசிந்து தட்டில் எண்ணெய் பட்டிருந்தால், எவ்வளவு வலுவான கிளட்ச் போட்டாலும் மீண்டும் நழுவும். ஃபிளைவீலில் நீலநிறத் திட்டுகள் இருந்தால் அது கடுமையாகச் சூடானதன் அடையாளம். அதைக் கடைந்து சமப்படுத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். கியர்பெட்டியை இறக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுவது நல்லது. அதற்காக இன்னொரு முறை இறக்குவது வீண்செலவு.

பட்டறையில் நீங்கள் வேடிக்கை பார்த்தால் ஓர் எச்சரிக்கை. பழைய கிளட்ச்சின் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். முற்காலத்தில் உராய்வுப் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் இழை சேர்த்தார்கள். அதைச் சுவாசித்தால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும். எந்தத் தூசியில் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

செலவில்லாத வழி

மாமாவின் பிக்கப் நான்கு சக்கர இயக்கம் கொண்டதா? அப்படியானால் அதில் 'லோ' என்று ஒரு கியர் வரிசை இருக்கும். அது வண்டியின் வேகத்தைச் சுமார் இரண்டரை மடங்கு குறைத்து, இழுவையை அதே அளவு கூட்டும். கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வேகம் இரண்டரை மடங்கு குறைந்தால், இயக்க ஆற்றல் அதன் இருமடிக்கு, அதாவது ஆறு மடங்குக்கு மேல் குறையும். 12 கிலோஜூல் சுமார் 2 கிலோஜூலாகிவிடும். எந்தப் பெட்டியும் தராத பாதுகாப்பு இது. செலவோ ஒரு காசும் இல்லை. ஈர மண்பாதைக்கு இது ஏற்றது. காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் பயன்படுத்தக் கூடாது. சக்கரங்கள் வழுக்கிச் சரிசெய்துகொள்ள முடியாமல் அச்சுகளில் இறுக்கம் ஏறும்.

மேட்டில் நிற்கும்போது கைப்பிரேக் போட வேண்டும். ஓடும்போது மிதியின் மேல் காலை வைத்திருக்கக் கூடாது. புதிய கிளட்ச்சை முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாரம் குறைத்து மென்மையாக ஓட்ட வேண்டும். இந்த மூன்று பழக்கமும் சேர்ந்தால் முதல் பெட்டிகூட நீண்டநாள் உழைக்கும்.

கடைசியாக, மாமாவிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். ஹெவி டூட்டி கிளட்ச் போட்டதும் வண்டி மேட்டில் சுலபமாக ஏறும். 'இன்னும் நாலு மூட்டை ஏற்றலாமே' என்று மனம் சொல்லும். ஆனால் மாறியது கிளட்ச் மட்டும்தான். பிரேக், டயர், அச்சு எல்லாம் பழையவை. வண்டிக்கு அனுமதித்த எடையும் பழையதே. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தாப்பாவுக்கு வளைந்து வளைந்து இறங்கும் சாலையில், அந்த உயரத்தின் நிலை ஆற்றல் முழுவதையும் பிரேக்கும் எஞ்சினும்தான் அடக்க வேண்டும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் அந்த ஆற்றலைக் கூட்டும்.

கிளட்ச் ஏறுவதற்கு உதவும். மாமா பத்திரமாக இறங்கி வருவதற்கு, பாரத்தின் அளவுதான் உதவும்.